எவ்ளோ எடுத்தா சமமாகும்?

அக்கா பையன் ஆறாவது படிக்கிறான். ரெண்டு வருஷமா செஸ் கிளாஸ் போறான், லீவு விட்டா நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவான். போன மே மாசம் ஒருநாள் ராத்திரி தோசை சாப்பிட்டுட்டு இருக்கும்போது திடீர்னு கேட்டான், "மாமா, கார்ல்சனும் ஸ்டாக்ஃபிஷும் ஆடினா யாரு ஜெயிப்பாங்க?"

ஸ்டாக்ஃபிஷ்தான்னு சொன்னேன். அது செஸ் ஆடற கம்ப்யூட்டர் ப்ரோகிராம், கார்ல்சன் உலகத்துலயே நல்லா ஆடற மனுஷன்.

"பத்து கேம் ஆடினா?"

பத்துலயும் அதுதான்டா, ஒண்ணு வேணா டிரா ஆகலாம்.

"நூறு கேம் ஆடினா ஒண்ணாச்சும் ஜெயிப்பாருல்ல?"

மாட்டாரு மாப்ள. தட்டுல கைய வச்சபடியே என்னைப் பாத்தான். அவனுக்கு கார்ல்சன்னா உசுரு, நோட்டு அட்டையில எல்லாம் அவர் படம்தான் ஒட்டி வச்சிருக்கான். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கை கழுவிட்டு வந்து நின்னுட்டு அடுத்த கேள்வி, "அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்ளோ தூரம் மாமா?"

இருபது வருஷத்துக்கு மேல ஆடறேன், ரேட்டிங், அதாவது ஆட்டத்தோட பலத்துக்குப் போடற நம்பர், 1700 பக்கத்துல நிக்குது, வாரக்கடைசியில தெருப் பசங்க நாலஞ்சு பேருக்கு சொல்லியும் குடுக்கறேன். இந்தக் கேள்விக்கு எனக்கு பதில் தெரியும்னுதான் நெனச்சேன், ஆனா வாயெடுத்தா வந்தது ஒரு நம்பர், அவ்ளோதான். கார்ல்சன் அதிகபட்சமா தொட்டது 2882, 2014 மே மாசம். மனுஷங்கள்ல அதுக்கு மேல யாரும் போனதில்ல. ஸ்டாக்ஃபிஷ் இப்ப கம்ப்யூட்டர் லிஸ்ட்ல 3600ஐ தாண்டி நிக்குது. 3600ல 2882 போனா 718. ரேட்டிங் போடற ஈலோ கணக்குல இவ்ளோ வித்தியாசம் இருந்தா நூறு கேம்ல கீழ இருக்கறவருக்கு கெடைக்கறது ஒண்ணரை பாயிண்ட், அதாவது மூணு டிரா, மிச்சம் தொண்ணூத்தேழும் தோல்வி.

அவனுக்குப் புரியற மாதிரி சொல்லணுமேன்னு, "எனக்கும் 2400 ரேட்டிங் இருக்கற ஒரு மாஸ்டருக்கும் எவ்ளோ தூரமோ அவ்ளோ"ன்னு சொன்னேன். ஒரு ஓபன் டோர்னமென்ட்ல முதல் ரவுண்ட்ல அப்படி ஒருத்தர்கூட எனக்கு ஜோடி விழுந்திருக்கு. நான் தப்பே பண்ணலன்னு நெனச்சுட்டு இருக்கும்போதே இருபத்தஞ்சாவது மூவ்ல என் காய்ங்க எல்லாம் ஒண்ணையொண்ணு இடிச்சுட்டு நிக்குது, அவர் காய்ங்க எல்லாம் போக வேண்டிய இடத்துல போய் உக்காந்திருக்கு. எங்க தப்பு பண்ணோம்னே தெரியாம தோக்கறது ஒரு தனி வலி. உலகத்துலயே நல்லா ஆடற மனுஷன் அந்த மெஷின் முன்னாடி உக்காந்தா அவருக்கும் அதுதான் நடக்கும்னு சொன்னதும் பையன் மூஞ்சி மாறிடுச்சு.

ஆனா படுத்தப்புறம் எனக்கே அந்த பதில் சரியா படல. ஏன்னா அந்த 3600 வேற ஊர்க் காசு. அந்த லிஸ்ட்ல இருக்கறது பூரா மெஷினுங்க, ஒண்ணோடொண்ணு லட்சக்கணக்குல கேம் ஆடி வாங்கின நம்பர் அது. 2882ங்கறது மனுஷங்க மனுஷங்களோட ஆடி வாங்கினது. ரெண்டு கூட்டமும் இப்ப நேருக்கு நேரா ஆடறதே இல்ல, அப்புறம் எப்படி ஒண்ணுலேர்ந்து இன்னொண்ண கழிச்சு தூரம்னு சொல்றது? ரெண்டு தராசுலயும் தனித்தனியா நிறுத்துட்டு எடையை ஒப்பிடற மாதிரிதான் அது.

யோசிச்சுப் பாத்தா இன்னொரு அளவுகோல் இருக்கு, அது பழசு, நம்ம வீடுகள்ல இன்னும் இருக்கறது. சின்னப் பசங்ககூட பெரியவங்க ஆடும்போது என்ன பண்ணுவாங்க? "நான் ராணி இல்லாம ஆடறேன், வா"ம்பாங்க. எங்க தாத்தா என்கூட அப்படித்தான் ஆடினாரு, மொதல்ல ராணிய எடுத்தாரு, அப்புறம் யானை, அப்புறம் குதிரை, கடைசியா ஒருநாள் எல்லாக் காயையும் வச்சுட்டு உக்காந்தப்ப நான் வளந்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தூரத்த அளக்க இதவிட நேர்மையான வழி எனக்குத் தெரியல. பலமா இருக்கறவன்கிட்டேர்ந்து எதை எடுத்தா ரெண்டு பேரும் சமமா நிப்பாங்க? அதுதான் தூரம்.

இந்தக் கண்ணால பாத்தா மனுஷன் கம்ப்யூட்டர்கிட்ட தோத்த கதை பூராவும் வேற மாதிரி தெரியுது.

எல்லாரும் 1997லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க, நியூயார்க்ல டீப் ப்ளூங்கற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் கஸ்பரோவை மூணரை ரெண்டரைனு ஜெயிச்சது. ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1994 ஆகஸ்ட்ல, லண்டன்ல ஒரு ரேபிட், அதாவது நேரம் கம்மியான, டோர்னமென்ட்ல ஒரு சாதாரண பென்டியம் கம்ப்யூட்டர்ல ஓடின ஜீனியஸ்ங்கற ப்ரோகிராம்கிட்ட கஸ்பரோவ் தோத்து வெளிய போயிட்டாரு. அது ரேபிட். மனுஷன்கிட்ட நேரத்த குறைச்சாங்க, மெஷின் ஜெயிச்சுச்சு. அந்தக் காலத்துல தராசு சமமா நிக்க மனுஷனுக்கு வேண்டியிருந்தது நேரம் மட்டும்தான்.

இது நம்ம ஆனந்த் கேம்லயே பளிச்சுனு தெரியும். 1998 ஜூலை, இத்தாலியில இஸ்கியா தீவுல ரெபெல் 10ங்கற ப்ரோகிராம்கூட எட்டு கேம் ஆடினாரு. அப்ப உலக ரேங்கிங்ல கஸ்பரோவுக்கு அடுத்து ஆனந்த்தான். மொத்தக் கணக்குல அஞ்சுக்கு மூணுன்னு ரெபெல் ஜெயிச்சுச்சு, அந்த நம்பரை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது. பிரிச்சுப் பாக்கணும். அஞ்சு நிமிஷ ப்ளிட்ஸ் நாலு கேம், அதுல ரெபெல் 3 ஆனந்த் 1. பதினஞ்சு நிமிஷ கேம் ரெண்டு, அதுல ரெபெல் ஒண்ணரை, ஆனந்த் அரை. முழு நேர க்ளாசிக்கல் கேம் ரெண்டு, அதுல ஆனந்த் ஒண்ணரை, ரெபெல் அரை. அதே ஆளு, அதே மெஷின், அதே வாரம், கடிகாரம் மட்டும்தான் மாறுச்சு. இத்தனைக்கும் ப்ளிட்ஸ்ல ஆனந்த்த விட வேகமா யோசிக்கற மனுஷன் அன்னைக்கு உலகத்துல இருந்தாரான்னே சந்தேகம், சின்ன வயசுலயே மின்னல் வேகம்னு பேர் வாங்கினவரு.

ஆனா டீப் ப்ளூ கதையில எனக்கு ஆறாத ஒண்ணு இருக்கு, அந்த மேட்ச்சோட ரெண்டாவது கேம். கடைசி கேம்ல டீப் ப்ளூ குதிரைய குடுத்து பத்தொம்பது மூவ்ல முடிச்சதத்தான் எல்லாரும் பேசுவாங்க, எனக்கு ரெண்டாவதுதான் வலிக்கும். கஸ்பரோவ் கஷ்டமான பொசிஷன்ல இருந்தாரு, ரிசைன் பண்ணிட்டுப் போயிட்டாரு. அப்புறமா உக்காந்து அலசினவங்க, ராணிய வச்சு விடாம செக் குடுத்துட்டே இருந்து டிரா பண்ணியிருக்கலாமேன்னு கண்டுபிடிச்சாங்க. தொடர்ந்து செக் குடுக்கற வழியெல்லாம் கஸ்பரோவுக்கு புதுசா? எதிர்ல உக்காந்திருக்கறது செகண்டுக்கு இருபது கோடி பொசிஷன் பாக்கற மெஷின், அப்படி ஒரு வழிய அது விட்டு வச்சிருக்காதுன்னு நம்பிட்டாரு, அதனால தேடவே இல்லன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்திருந்தா கஸ்பரோவ் அங்க ரிசைன் பண்ணியிருப்பாருன்னு எனக்குத் தோணல.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் தராசு ஆடிட்டே இருந்துச்சு. 2002ல பஹ்ரைன்ல கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸ்கூட நாலுக்கு நாலு. 2003ல கஸ்பரோவ் டீப் ஜூனியர்கூட மூணுக்கு மூணு. 2005 வந்துச்சு, லண்டன்ல ஹைட்ராங்கற மெஷின் மைக்கேல் ஆடம்ஸ அஞ்சரைக்கு அரைன்னு நசுக்கிடுச்சு. ஆடம்ஸ் ஒண்ணும் லேசான ஆள் இல்ல, அப்ப உலகத்தோட முதல் பத்துக்குள்ள இருந்தவரு. அதே வருஷம் நவம்பர்ல ஸ்பெயின்ல பில்பாவோல பொனமாரியோவ் ஃப்ரிட்ஸ ஒரு கேம்ல ஜெயிச்சாரு. முன்னணி மெஷின சாதாரண டோர்னமென்ட் முறையில, எதையும் எடுக்காம, ஒரு மனுஷன் ஜெயிச்சதா தெரிஞ்ச கடைசி கேம் அதுதான். நான் அப்ப காலேஜ்ல இருந்தேன், இதுதான் கடைசின்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த கேம மூவ் மூவா எழுதி சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

2006, ஜெர்மனியில பான் நகரம். கிராம்னிக் உலக சாம்பியன், எதிர்ல டீப் ஃப்ரிட்ஸ். மெஷின் தன்னோட ஓபனிங் புக்லேர்ந்து, அதாவது முன்னாடியே ஏத்தி வச்ச ஆரம்ப மூவ்கள்லேர்ந்து, ஆடற வரைக்கும் அந்த புக்க கிராம்னிக் ஸ்க்ரீன்ல பாத்துக்கலாம்னு ரூல் போட்டாங்க, ப்ரோகிராம முன்கூட்டியே குடுத்து பழகவும் விட்டாங்க. மெஷின்கிட்டேர்ந்து எதையோ எடுக்க ஆரம்பிச்சாச்சு, கவனிங்க. அப்படியும் நாலுக்கு ரெண்டுன்னு தோத்தாரு. ரெண்டாவது கேம்ல ஒரே மூவ்ல மேட் விழறத பாக்காம ராணிய ஈ3ங்கற கட்டத்துக்கு கொண்டு போனாரு, ஃப்ரிட்ஸோட ராணி எச்7ல வந்து உக்காந்துச்சு, மேட். அந்தப் படம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அந்த எச்7ஐ தாங்கிப் பிடிச்சது எஃப்8ல கடைசி வரிசையில நின்ன ஒரு குதிரை. எஃப்8ல வெள்ளைக் குதிரை நின்னு மேட் ஆகறத நாம வாழ்க்கையில எத்தனை தடவை பாத்திருப்போம்? பிஷப்போ சிப்பாயோ தாங்கற மேட் ஆயிரம் பாத்திருப்போம், கண்ணு தானா அலாரம் அடிக்கும். இது பழகாத வடிவம், அலாரம் அடிக்கல. மனுஷன் பழகின வடிவங்கள வச்சு பாக்கறான், அதனாலதான் செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு பொசிஷன் பாத்தே கோடிக்கணக்குல பாக்கற மெஷின்கூட இவ்ளோ வருஷம் மல்லுக்கட்ட முடிஞ்சுச்சு, அதே காரணத்தாலதான் அன்னைக்கு விழுந்தான். மெஷினுக்கு பழகினது பழகாததுன்னு பேதம் கிடையாது, ஒவ்வொண்ணையும் எண்ணிப் பாத்துடும்.

அடுத்து மெஷின்கிட்டேர்ந்து எடுத்தது அதோட உடம்பு. டீப் ப்ளூ 480 தனி செஸ் சிப் வச்ச சூப்பர் கம்ப்யூட்டர், செகண்டுக்கு இருபது கோடி. பான்ல ஆடின டீப் ஃப்ரிட்ஸ் கடையில வாங்கற மாதிரியான இன்டெல் ப்ராசஸர்ல ஓடுச்சு, செகண்டுக்கு எண்பது லட்சம். 2009ல பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4, அது ஒரு எச்டிசி மொபைல்ல ஓடுச்சு, செகண்டுக்கு இருபதாயிரம் கூட இல்ல, ப்யூனஸ் அயர்ஸ்ல ஒரு டோர்னமென்ட்ல பத்துக்கு ஒம்பதரை எடுத்துச்சு, பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங், அதாவது அந்த டோர்னமென்ட்ல மட்டும் ஆடின மட்டம், 2898. இருபது கோடி, எண்பது லட்சம், இருபதாயிரம். வேகம் பத்தாயிரம் மடங்கு குறைஞ்சு போச்சு, ஆட்டம் குறையவே இல்ல. அப்ப பலம் வேகத்துல மட்டும் இல்ல, எந்த வழிய பாக்கவே வேணாம்னு தள்றதுலயும் இருக்கு. நல்ல செஸ் ப்ளேயர்கள பத்தியும் நாம அதையேதான சொல்றோம்.

உடம்ப எடுத்தும் பத்தல, அப்புறம்தான் காயில கை வச்சாங்க. 2016 ஜனவரியில நகமுரா, அப்பவும் உலகத்தோட முதல் வரிசை ஆள், கொமோடோங்கற ப்ரோகிராம்கூட நாலு கேம். ஒவ்வொண்ணுலயும் அவருக்கு ஒரு சலுகை, ஒண்ணுல மெஷினுக்கு ஒரு சிப்பாய் கம்மி, இன்னொண்ணுல இவருக்கு நாலு மூவ் முன்னாடியே இனாம், இந்த மாதிரி. மொத மூணும் டிரா, நாலாவதுல கொமோடோ ஜெயிச்சுச்சு. ரெண்டரைக்கு ஒண்ணரை. அன்னைக்கு தூரம் ஒரு சிப்பாய்க்கு மேல, அவ்ளோ தெளிவா சொல்லலாம்.

2017 டிசம்பர்ல ஆல்ஃபாஸீரோங்கற ப்ரோகிராம் வந்துச்சு. ரூல மட்டும் சொல்லிக் குடுத்து, தனக்குத்தானே ஆடி ஆடி, நாலே மணி நேரத்துல ஸ்டாக்ஃபிஷ் 8ஓட மட்டத்த தாண்டிடுச்சு. நூறு கேம்ல 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்ல. அந்த மேட்ச்ல ஸ்டாக்ஃபிஷுக்கு குடுத்த செட்டிங் சரியில்லன்னு சண்டை வந்துச்சு, 2018ல ஆயிரம் கேம் ஆட விட்டு 155 வெற்றி 6 தோல்வின்னு காட்டினாங்க. அதே வழியில லீலான்னு ஒரு இன்ஜின, அதாவது செஸ் ப்ரோகிராம, பொதுமக்களே சேந்து வளத்தாங்க, 2020ல ஸ்டாக்ஃபிஷும் தனக்குள்ள ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்க வச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் மனுஷன எதிர்ல உக்கார வச்சு மேட்ச் நடத்தறதுக்கு யாருக்கும் ஆர்வமே இல்ல, எதுக்கு நடத்தணும்?

ஆனா காயை எடுக்கறது மட்டும் நிக்கல, எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்கதான் நடக்குது. குதிரை இல்லாம ஆட லீலாவுக்குன்னே தனியா பயிற்சி குடுத்து ஒரு நெட்வொர்க் பண்ணியிருக்காங்க. ஏன் தனியா வேணும்? சாதாரண இன்ஜின்கிட்ட குதிரைய எடுத்துட்டு ஆடச் சொன்னா, எதிராளியும் தன்ன மாதிரியே தப்பே பண்ணாம ஆடுவாருன்னு அது நெனைக்கும், அந்தக் கணக்குல எந்த வழியில போனாலும் தோல்விதான், அப்ப எந்த மூவ் ஆடினா என்னன்னு காய்ங்கள மாத்திக்கிட்டு சப்புனு ஆடிடும். இந்த லீலா அப்படி இல்ல, எதிர்ல இருக்கறவன் தப்பு பண்ணக்கூடியவன்னு அதுக்குத் தெரியும், அதனால காயை காய்க்கு வெட்டவே விடாது, போர்டுல கூட்டத்த கலையாம வச்சிருக்கும், ஒவ்வொரு மூவ்லயும் நம்மள ஒரு கஷ்டமான முடிவு எடுக்க வைக்கும். அப்படியே ப்ளிட்ஸ்ல கிராண்ட்மாஸ்டர்களயே அடிக்குது. ஒரு முழுக் குதிரை கம்மியா வச்சுட்டு. நேரம் கூடக் கூட மனுஷன் எழுந்து நிக்கறான், இஸ்கியாவுல ஆனந்துக்கு நடந்த அதே கதைதான், ஆனா இப்ப நடுவுல ஒரு குதிரை நிக்குது.

சரி, நம்ம கதைக்கு வரேன். மறுநாள் காலையில பையன்கிட்ட இதெல்லாம் சொல்லல, மரப் போர்ட எடுத்து ஊஞ்சல்ல வச்சேன், மொபைல்ல ஸ்டாக்ஃபிஷ திறந்து வெள்ளையில பி1 குதிரைய எடுத்துட்டேன். நான் கறுப்பு. அவன் மொபைல பாத்து வெள்ளைக்காயை நகத்தணும், ஸ்கோர் ஷீட்டும் எழுதணும். எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம். என் திட்டம் சிம்பிள், காய்ங்கள ஒண்ணொண்ணா மாத்திட்டா கடைசியில என் கையில ஒரு குதிரை மிஞ்சும், ஜெயிச்சுடலாம். பன்னெண்டு மூவ் வரைக்கும் அப்படித்தான் போச்சு. அப்புறம் பிஷப்ப ஜி4ல வச்சேன், அது எச்3 தள்ளுச்சு, எச்5 போனேன், ஜி4 தள்ளுச்சு, ஜி6 போனேன். பயந்து பயந்து சிப்பாய்ங்கள முன்னாடி தள்ளுதேன்னு சந்தோஷமா இருந்தேன். ரெண்டு மூவ் கழிச்சு எஃப்4. அப்பத்தான் பாத்தேன், அடுத்து எஃப்5 வந்தா என் பிஷப்புக்கு போக இடமே இல்ல. பையனும் பாத்துட்டான், பென்சில வாயில வச்சுட்டு கம்முனு இருந்தான். பிஷப்ப ஒரு சிப்பாய்க்குக் குடுத்தேன். குதிரை முன்னிலைன்னு உக்காந்தவன் ஒரு சிப்பாய் முன்னிலைக்கு வந்துட்டேன், அதுக்கப்புறம் ஓரத்துல ஒரு சிப்பாய் ஓடுச்சு, நாப்பத்தோராவது மூவ்ல ரிசைன்.

"மாமா, எச்6 முன்னாடியே தள்ளியிருந்தா பிஷப்புக்கு எச்7 கெடைச்சிருக்கும்ல?"ன்னு கேட்டான். மொபைல பாக்காம, போர்ட பாத்துக் கேட்டான். எனக்கு அன்னைக்கு மனசு நெறஞ்சு போச்சு, ஏன்னு சொல்லணும்னா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நடந்தத சொல்லணும்.

ஒரு ஸ்கூல்ல குழந்தைங்க டோர்னமென்ட், அவனக் கூட்டிட்டு நான் போயிருந்தேன். ஹாலுக்குள்ள மொபைல் விடமாட்டாங்க, அப்பா அம்மாங்க எல்லாம் வராண்டாவுல. ஒரு ரவுண்ட் முடிஞ்சு ஒரு பொண்ணு வெளிய வந்துச்சு, எட்டு வயசு இருக்கும், ஸ்கோர் ஷீட்ட அப்பா கையில குடுத்துச்சு. அவர் அங்கயே நின்னு ஒவ்வொரு மூவா மொபைல்ல போட்டுப் பாத்தாரு. இருபத்தி ஒண்ணாவது மூவ் வந்ததும் நிமிர்ந்தாரு. "இங்க யானைய குடுத்திருந்தா அஞ்சு மூவ்ல ஜெயிச்சிருக்கலாமே, இதக்கூடப் பாக்கலையா நீ?" அந்தப் பொண்ணு தல குனிஞ்சு நின்னுச்சு. நான் எட்டிப் பாத்தேன், அது நானும் பாத்திருக்கவே முடியாத மூவ். யானைய சும்மா குடுத்துட்டு, நாலாவது மூவ்ல எந்தச் செக்கும் இல்லாம அமைதியா ஒரு சிப்பாய தள்ளணும். மொபைல் அரை செகண்ட்ல காட்டுச்சு, அதனால அவருக்கு அது ஈஸின்னு தோணிடுச்சு. ஒரு முழு குதிரைய இழந்துட்டும் கிராண்ட்மாஸ்டர அடிக்கற இனத்தோட கண்ண வச்சு எட்டு வயசுக் குழந்தைய அளக்கறாரு, அது அவருக்குத் தெரியல. அவர் கெட்டவர்னு சொல்லல. யாரு கை ஓங்கியிருக்குன்னு ஸ்க்ரீன் ஓரத்துல காட்டற அந்த இவால் பார் யார வேணாலும் அப்படி ஆக்கும். நம்ம பையனே அந்த டைம்ல அப்படித்தான் இருந்தான், ஒரு மூவ் சொல்லிட்டு உடனே கண்ணு அந்த பார்க்கு போகும், பார் மேல போனா சிரிப்பான், கீழ போனா அழிச்சுட்டு வேற மூவ். ஏன்னு கேக்கறதே இல்ல.

2024 டிசம்பர் 12ல சிங்கப்பூர்ல நடந்தத எத்தனை பேர் அந்த பார வச்சு பாத்திருப்போம். உலக சாம்பியன்ஷிப்போட பதினாலாவது கேம், ஆறரைக்கு ஆறரை, குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட இருக்கு, ஆனா பொசிஷன் டிரா. அப்ப சாம்பியனா இருந்த டிங் லிரென் அம்பத்தஞ்சாவது மூவ்ல யானைய எஃப்2க்கு இழுத்தாரு. அந்த செகண்ட்லயே ஸ்க்ரீன்ல பார் கறுப்பா இறங்கிடுச்சு, லைவ்ல கத்தறாங்க, வாட்ஸப் க்ரூப்ல கத்தறாங்க, எங்க வீட்டுல செஸ்ஸே தெரியாத எங்கம்மா "என்னடா ஆச்சு"ன்னு ஓடி வராங்க. உலகத்துல அதப் பாக்காதது அந்த ரூம்ல உக்காந்திருந்த ரெண்டு பேர் மட்டும்தான். குகேஷே அப்புறம் சொன்னாரு, தனக்கும் உடனே தெரியல, வேற ஒரு யானை மூவ் ஆடப் போயிட்டேன், அப்பத்தான் எதிராளியோட பிஷப் மாட்டுதுன்னு பாத்தேன்னு. டிங்கோட பிஷப் ஏ8 மூலையில. யானைங்கள மாத்திட்டு, தன் பிஷப்ப டி5ல வச்சா அந்த மூலையிலேர்ந்து தப்பிக்க வழி கிடையாது, பிஷப்பும் மாறிடும், அப்புறம் வெறும் ராஜா சிப்பாய் ஆட்டம், ஒரு சிப்பாய் கூட இருக்கறவர் ஜெயிச்சுடுவாரு. எழுதினா ரெண்டு வரி. நாலு மணி நேரத்துக்கு மேல யோசிச்ச ஒரு மூளை, பதினெட்டு வயசு, உலக சாம்பியன் பட்டம் எதிர்ல, அந்த நிலையில அதப் பாத்ததுதான் எனக்குப் பெருசு. மறுநாள் நெட்ல நெறைய பேர் டிங்க திட்டினாங்க, இவ்ளோ மோசமான தப்பான்னு. பார அணைச்சுட்டு அந்தப் பொசிஷன போர்டுல வச்சு, மணிக்கணக்குல யோசிச்ச களைப்போட உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம்.

குகேஷ் கிட்டத்தட்ட 2500 வரைக்கும் இன்ஜினே தொடாம வளந்தவர், அவர் கோச் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு அது. இந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய துணிச்சல்னு செஸ் பசங்கள வளக்கறவங்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜின வச்சு இருபது மூவ் ஓபனிங் மனப்பாடம் பண்ணிட்டு வரும்போது, நம்ம பையன மட்டும் வெறும் போர்ட வச்சு கணக்குப் போட வைக்கறது. எல்லாருக்கும் அது சரியா வரும்னு சொல்ல எனக்கு தகுதி இல்ல. ஆனா அந்த லீவுல நான் அக்காகிட்ட பேசி பையன் டேப்லெட்லேர்ந்து அனாலிசிஸ் ஆப்ப எடுத்துட்டேன். ஸ்டாக்ஃபிஷ் வேணும்னா என் மொபைல்ல, எதிராளியா மட்டும். வாத்தியாரா இல்ல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் ராத்திரி ஒரு கேம். என் கேம்ல மெஷினோட யானைய எடுத்துப் பாத்தோம், மொத ரெண்டு கேம் தோத்தேன், மூணாவது ஜெயிச்சேன், நாலாவது டிரா. சரி, எனக்கும் அதுக்கும் தூரம் ஒரு யானை பக்கத்துலன்னு வச்சுக்கலாம், இருபத்தஞ்சு நிமிஷம் இருந்தா. அவன் கேம்ல மெஷினோட ராணிய எடுத்தோம். ராணியே இல்லாம அது அவன அடிச்சுச்சு, ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் தோத்ததும் ரெண்டு பேரும் போர்ட பின்னாடி நகத்தி, எங்க போச்சுன்னு நாங்களே தேடினோம், சில நாள் கண்டுபிடிச்சோம், சில நாள் அக்கா ஃபோன் பண்ணி தூங்க வைக்கச் சொல்ற வரைக்கும் கண்டுபிடிக்கல. எட்டாவது கேம்ல அவன் ராணிய ரெண்டு யானைக்கு மாத்தினான், நான் மனசுக்குள்ள ஐயோன்னேன், ஆனா அவன் யோசிச்சுத்தான் பண்ணியிருந்தான், அதுக்கப்புறம் அதுகிட்ட இருந்தது ஒரு பிஷப்பும் குதிரையும் நாலு சிப்பாயும்தான், இவன் யானைங்கள ஏழாவது வரிசையில கொண்டு போய் நிறுத்திட்டான். மேட் ஆனப்ப மணி பத்தே முக்கால்.

ஸ்கோர் புக்கோட கடைசிப் பக்கத்துல ஒரு டேபிள் போட்டான். நான், ராணி. மாமா, யானை. கார்ல்சன்னு எழுதிட்டு என்னப் பாத்தான். ப்ளிட்ஸ்னா குதிரைக்கு மேலயே வேண்டியிருக்கும், முழு நேரம் குடுத்தா குதிரை போதும்னு நெனைக்கறேன், ஆனா அவரோட அப்படி யாரும் மேட்ச் வச்சதா எனக்குத் தெரியலடான்னேன். குதிரைன்னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுக்கிட்டான்.

ஸ்கூல் திறந்து மூணு வாரம் கழிச்சு ராத்திரி ஃபோன் வந்துச்சு. "மாமா, ராணிய எடுத்து ஆடினா இப்ப நாலுல மூணு ஜெயிக்கறேன். ராணிய வச்சுக்கட்டும், அதுக்குப் பதிலா ஒரு யானையும் ஒரு குதிரையும் எடுத்துட்டா கொஞ்சம்தான கம்மி? அப்படி ஆடட்டுமா?"

ஆடுறான்னேன்.